சீல் இருந்தும் ஈரம் புகுவது ஏன்?

"அண்ணா, இது வெதர் சீல்டு மாடல்தானே, எப்படித் தண்ணி போச்சு?" கேமரா பழுது பார்க்கும் என் மேசைக்கு முன் நின்று பலரும் கேட்கும் கேள்வி இது. வெதர் சீல்டு என்றால், தூறலும் தூசியும் புகாதபடி ஓரங்களில் ரப்பர் வைத்த கேமரா. போன மாதம் ஒரு தம்பி கேட்டபோது, மெமரி கார்டு மூடியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினேன். ரப்பர் விளிம்பின் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி. அது விட்ட இடுக்கு வழியாக ஈரம் இறங்கி, உள்ளே இருந்த உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தது.

குறைந்த விலை டிஎஸ்எல்ஆர்களில் (லென்ஸை மாற்றக்கூடிய கேமராக்களில்) சீல் கிடைப்பதே அபூர்வம். 2013இல் வந்த பென்டாக்ஸ் கே-50 அதைக் கொடுத்தது. உடம்பில் 81 இடங்களில் சீல், கூடவே 16 மெகாபிக்சல் சென்சார், நொடிக்கு 6 படம், கை நடுக்கத்தை உடலுக்குள்ளேயே ஈடுகட்டும் வசதி. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில், தொடக்க நிலை கேமராக்களில் வழக்கமாக இருக்கும் பென்டாமிரர் என்ற கண்ணாடி அமைப்புக்குப் பதிலாக, ஏறத்தாழ முழுக் காட்சியையும் காட்டும் பென்டாபிரிசம் என்ற பட்டகம். 2016இல் வந்த கே-70இல் சீல்கள் 100, சென்சார் 24 மெகாபிக்சல். புதிதாகப் படமெடுக்கப் பழகுகிறவர்களுக்கு இவற்றைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் சீல் என்பது பட்டன், டயல், மூடி ஆகியவற்றின் ஓரங்களில் இருக்கும் மெல்லிய ரப்பர்தான். தூறலையும் தூசியையும் தடுக்கும். தண்ணீரில் முக்கினால் தாங்காது.

நிறையப் பேர் கோட்டை விடுவது லென்ஸில். உடம்பு சீல் ஆனது, மாட்டியிருப்பதோ சாதாரண லென்ஸ் என்றால் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் இடம்) வழியாகவே தண்ணீர் போய்விடும். பென்டாக்ஸ் லென்ஸ் பெயரில் 'டபிள்யூ ஆர்' (WR, ஈரம் தாங்கும் என்பதன் சுருக்கம்) என்று இருக்கிறதா பாருங்கள். லென்ஸைக் கழற்றினால் மவுண்டில் ஒரு ரப்பர் வளையம் தெரிய வேண்டும். ஜூம் லென்ஸ் என்றால், நீண்டிருக்கும் குழாயின் மேல் நிற்கும் துளிகளைத் துடைத்த பிறகே உள்ளே இழுங்கள். மழையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

கடற்கரைக்குப் போய் வந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு காய்ந்து படிகமானால் ரப்பர் சரியாக உட்காராது.

சீலால் தடுக்கவே முடியாதது ஒன்று உண்டு: குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குப் போனதும் படியும் ஈரம். வெளியே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த கேமராவைத் தொட்டதுமே நீராகப் படிந்துவிடுகிறதே! கிளம்பும் முன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். வெளியே போன பிறகும், வெளிச் சூட்டுக்குக் கேமரா வரும்வரை பையைத் திறக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் உள்ளே ஈரம் தெரிந்தால் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.