போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த புரோகிராம்

1984. ஐபிஎம் பிசியில் கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவே 17-ஐ 345-ஆல் பெருக்க வேண்டும். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான அன்றைய டாஸ் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். கடிதத்தைச் சேமித்து மூடி, ஃபிளாப்பியிலிருந்து கால்குலேட்டரை ஏற்றி, விடையைத் தாளில் குறித்துக்கொண்டு திரும்ப வர வேண்டும். அதற்கு மேசையில் கிடக்கும் கால்குலேட்டரே தேவலை.

அந்த வருடம்தான் போர்லாண்ட் நிறுவனத்தின் சைடுகிக் என்ற புரோகிராம் வந்தது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கடிதத்தின் மேலேயே ஒரு பெட்டி விரியும்: நோட்பேட், கால்குலேட்டர், காலண்டர், தொலைபேசி டயலர். வேலை முடிந்ததும் பெட்டி மறையும். கடிதம் விட்ட இடத்திலேயே நிற்கும்.

எப்படி? ஒரு புரோகிராம் முடிந்ததும் அது இருந்த மெமரியை டாஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் ‘நான் முடித்துவிட்டேன், என் இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதே’ என்று சொல்லவும் டாஸில் வழி இருந்தது. அப்படித் திண்ணையில் தங்கிவிடுபவற்றுக்கு டிஎஸ்ஆர் (Terminate and Stay Resident, ‘முடித்துவிட்டுத் தங்கியிரு’) என்று பெயர்.

சரி, உட்கார்ந்தாயிற்று. யார் எழுப்புவது? மெமரியின் முதல் 1,024 பைட்டில் எது நடந்தால் மெமரியில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 256 முகவரிகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. கீபோர்டில் எதைத் தட்டினாலும், சிபியு கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு, 9 என்ற எண்ணுக்குரிய முகவரிக்கு ஓடும். டிஎஸ்ஆர் அந்தப் பழைய முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு, அங்கே தன் முகவரியை எழுதிவிடும். அப்புறம் ஒவ்வொரு தட்டலும் முதலில் இதன் வாசலுக்குத்தான் வரும். சாதாரண எழுத்தென்றால் பழைய முகவரிக்கு அனுப்பிவிடும். தனக்கான சைகையென்றால் எழுந்துகொள்ளும்.

திரையை மீட்பது சுலபம். 25 வரி, வரிக்கு 80 எழுத்து, எழுத்துக்கு 2 பைட்: மொத்தம் 4,000 பைட். பெட்டி மறைக்கப்போகும் பகுதியை நகலெடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் திரும்ப ஒட்டினால் போதும்.

டாஸ்தான் தலைவலி. அது ஃபிளாப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போது டிஎஸ்ஆர் குறுக்கே எழுந்து ‘என் நோட்பேடையும் சேமி’ என்றால், முதல் வேலையின் குறிப்புகள் மேலேயே இரண்டாவதன் குறிப்புகளை எழுதிக் குழப்பிக்கொள்ளும். டாஸ் வேலையில் இருக்கிறதா என்று காட்டும் ஒரு பைட் உள்ளுக்குள் இருந்தது. வெகுகாலம் கையேட்டில் இல்லாத அந்த பைட்டை நிரலாளர்களே தோண்டிக் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: கூர்க்கா தூங்கும் நேரம் பார்த்து உள்ளே போகிற திருட்டுத்தனம்.

ஒரே வாசலில் இரண்டு டிஎஸ்ஆர் உட்கார்ந்தால் இன்னும் கூத்து. பின்னால் வந்தது முன்னால் வந்ததன் முகவரியை வைத்திருக்கும். முன்னது முதலில் எழுந்து போய்விட்டால், அந்த முகவரியில் ஆளே இல்லை, கம்ப்யூட்டர் உறைந்துவிடும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி மீளலாம் என்றால், அந்த மூன்றும் இதே வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பெரிய சிவப்பு ஸ்விட்சை அணைத்துப் போடுவதுதான் வழி.