மழைநீர்க் குழி அடைத்துப் போவது எங்கே?

2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகள் கோவை, திருப்பூர், ஈரோட்டு வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பல குழிகளின் மூடிமேல் பூச்செடித் தொட்டி உட்கார்ந்திருக்கும். மழை விட்டு ஒரு நாள் கழித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் குழி அடைத்துவிட்டது.

அடைப்பு பெரும்பாலும் அடியில் இருக்காது. மொட்டைமாடித் தூசி, வேப்பஞ்சருகு, புறா எச்சம் எல்லாம் ஊறி, மேல் மணலில் வாசலுக்குச் சாணி மெழுகியது போல ஒரு பூச்சாகப் படிந்திருக்கும். மேலே இரண்டு அங்குல மணலை வழித்தெடுத்துப் புது மணல் போட்டாலே பல குழிகள் மறுபடி உறிஞ்சும்.

அடுக்கு இப்படி இருக்க வேண்டும்: அடியில் ஒன்றரை இன்ச் ஜல்லி ஒரு அடி, அதன்மேல் முக்கால் இன்ச் ஜல்லி ஒரு அடி, அப்புறம் நைலான் வலை, எல்லாவற்றுக்கும் மேலே பருமணல் ஒரு அடி. வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும். ஜல்லியை மேலே கொட்டி மணலை அடியில் போடுகிறவர்களும் உண்டு. அப்போது அழுக்கு கைக்கு எட்டாத ஆழத்தில் படிகிறது. குழியையே காலி செய்தாக வேண்டும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போட்டால், கல்தூள் போகும்வரை கழுவிப் போடுங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டவே வேண்டாம், அது முதல் மழையிலேயே இறுகிவிடும்.

செம்மண் பூமியில் குழியே போதும். கரிசலில் போதாது. நனைந்ததும் கரிசல் உப்பி வாயை மூடிக்கொள்ளும். அங்கே குழிக்குள் பதினைந்து, இருபது அடிக்கு ஒரு துளை போட்டு, ஓட்டை போட்ட பிவிசி குழாயை இறக்கி ஜல்லி நிரப்ப வேண்டும்.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். சிதறியது, ஆவியானது போக 750 லிட்டர் தேறும். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் என்று வைத்தால் 48,000 லிட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி நான்கு. இதைக் கொண்டு ஆயிரம் அடி போர் நிரம்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பக்கத்துப் பாறையில் தண்ணீர் வெடிப்பு வழியேதான் ஓடும். நீங்கள் விட்டது பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஊறினாலும் ஊறும்.

வற்றிய போருக்குள் நேராக விடுவதென்றால் வடிகட்டிய மாடித் தண்ணீர் மட்டுமே. வாசல் தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் எதுவும் கூடாது, ஏனென்றால் பாறை இடுக்கில் அழுக்கை வடிகட்ட மண் கிடையாது. மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு), ஒரு பால் வால்வு (திறந்து மூடும் அடைப்பான்) வைத்து, கோடைக்குப் பின் வரும் முதல் மழையைக் கால்மணி நேரம் வெளியே விடுங்கள். அந்த முதல் தண்ணீரை வெளியே விடாமல் ஒரு குழாயில் தேக்கிக்கொள்ளலாம் என்றால், பத்தடி நீள நாலு இன்ச் குழாயில் 25 லிட்டர்தான் பிடிக்கும். ஆயிரம் சதுர அடி மாடியைக் கழுவ 90 லிட்டராவது போக வேண்டும்.

வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள், ஐப்பசி மழையில்தான் குழிக்கு வேலை. வழித்தெடுத்த சேற்றைத் தெருப் பள்ளத்தில் தள்ள வேண்டாம். கோவையின் சங்கனூர்ப் பள்ளம், ஈரோட்டின் பெரும்பள்ளம் என்ற ஓடைகள் ஏற்கெனவே கட்டடக் கழிவால் மேடேறிக் கிடக்கின்றன. தென்னைமரப் பாத்தியில் கொட்டினால் போதும்.