தொலைவு என்றொரு குமிழ்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், பூம்பாறையை மேலிருந்து பார்க்க வண்டிகள் நிற்கும் ஒரு வளைவு உண்டு. கீழே படிப்படியாகப் பூண்டு வயல்கள், ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில். திருவிழா நாளென்றால் மைக் செட்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் பாட்டு மேலே வரைக்கும் ஏறி வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது தூரத்துப் பாட்டு என்று தெரிந்துவிடும். சத்தம் குறைவு என்பதாலா? காதருகே வைத்த செல்போனில் பாட்டைக் குறைத்தாலும் சத்தம் குறைவுதான். ஆனால் அது தூரத்தில் கேட்பதில்லையே.

தூரத்தை உணர்த்த ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் கூடிவர வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு 6 டெசிபெல் இறங்கும். போகிற வழியில் காற்று கூர்மையான ஒலிகளை அதிகமாக விழுங்கும்: ஒரு கிலோமீட்டரில் 500 ஹெர்ட்ஸ் ஒலி சில டெசிபெல்தான் இழக்கும், 4000 ஹெர்ட்ஸ் ஒலியோ 20 டெசிபெலுக்கு மேல் இழந்துவிடும். நேராக வரும் ஒலி மெலிய மெலிய, மலைச்சரிவுகளில் பட்டு வரும் ஒலியின் பங்கு கூடும். பக்கத்துச் சரிவைச் சுற்றி வரும் பாதையும் நேர்ப்பாதையும் நீளத்தில் நெருங்குவதால், இரண்டுக்கும் இடையிலான நேர இடைவெளியும் சுருங்கும்.

இதையே மின்னணு இசைக்காரர் மேடையில் செய்ய நினைத்தால், எஃபெக்ட்ஸ் பெட்டியில் இந்த நான்கும் நான்கு தனிக் குமிழ்கள்: ஒலியளவு, கூர்மையான ஒலிகளை வெட்டும் ஃபில்டர், பட்டு வரும் ஒலியின் பங்கைக் கூட்டும் ரிவெர்ப் கலவை, அந்த ஒலி வருமுன் விடும் நேர இடைவெளியான ப்ரீ-டிலே. இருப்பதோ இரண்டு கை. அதில் ஒன்று கீபோர்டில் இருக்கும். கோயிலில் நாகசுரம் வாசிப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மூச்சை அழுத்தினால் ஒலியளவும் நாதத்தின் செழிப்பும் சுருதியும் சேர்ந்தே நகரும். சீவாளியைக் கவ்விய உதடு மிச்சத்தைச் சரிக்கட்டும். பெட்டியைச் செய்த பொறியாளர்கள்தான் ஒன்றாய் இருந்ததைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ் வைத்தார்கள். அவற்றை ஒரே குமிழில் திரும்பக் கட்டும் வேலைக்குத்தான் மேக்ரோ என்று பெயர்.

கட்டும் கயிறு பெரும்பாலும் மிடி, அதாவது மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை. 1983 ஜனவரியில் புரொஃபெட் 600, ஜூப்பிட்டர் 6 என்ற இரண்டு வெவ்வேறு நிறுவன சிந்தசைசர்களைக் கேபிளால் இணைத்துப் பலரறியக் காட்டிய அதே மிடி, இன்றும் அடிப்படையில் மாறவில்லை. குமிழைத் திருப்பும்போது மூன்று பைட் கொண்ட செய்தி போகும்: எந்த வகைச் செய்தி, எந்தச் சேனலுக்கு என்பது முதல் பைட்டில், எந்த அளவுருவை (ஒலியளவு, ஃபில்டர் போன்றவை) மாற்றுவது என்பது இரண்டாவதில், 0 முதல் 127 வரை ஒரு மதிப்பு மூன்றாவதில். மேக்ரோ குமிழோ ஒரு திருப்பலுக்கு நான்கு செய்திகளை அடுத்தடுத்து அனுப்பும்.

அடுத்தடுத்து என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய ஐந்து முள் கேபிளில் நொடிக்கு 31,250 பிட்டுகள்தான் போகும். ஒரு செய்திக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிநொடி. நான்கு செய்திக்கு நான்கு மில்லிநொடி என்றால் காதுக்குத் தெரியாது. ஆனால் குமிழைக் கால் நொடியில் விருட்டென்று முழுக்கத் திருப்பினால் 128 படிகள், 512 செய்திகள். அவை போய்ச்சேர அரை நொடி வேண்டும். கை நின்ற பிறகும் ஒலி நகர்ந்துகொண்டிருக்கும். குமிழ்களைத் தாங்கிய நல்ல கன்ட்ரோலர் பெட்டிகள் இடையிலுள்ள மதிப்புகளில் சிலவற்றை விட்டுவிட்டு அனுப்புவது இதனால்தான். யுஎஸ்பி வழியில் இந்த நெரிசல் பெரும்பாலும் இல்லை.

பலர் நான்கு அளவுருக்களையும் 0 முதல் 127 வரை நேர்க்கோட்டில் கட்டிவிட்டு மேக்ரோ தயார் என்கிறார்கள். அது சோம்பேறித்தனம் என்பேன். ஒவ்வொன்றுக்கும் அதன் திசை, எல்லை, வளைவு என மூன்றையும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். தொலைவு கூடும்போது கலவை ஏறும், ஃபில்டர் இறங்கும், இது திசை. நேர் ஒலியைக் குறைத்து ரிவெர்பைக் கூட்டும்போது நடுவில் இரண்டையும் பாதிப்பாதி வைத்தால் மொத்த ஒலி 3 டெசிபெல் தொய்ந்துபோகும். நடுவில் இரண்டையும் முழு அளவின் 0.707 மடங்கில் வைக்கிற வளைவு அந்தத் தொய்வை நிரப்பும்.

எல்லையில்தான் சூட்சுமம். ஃபில்டரின் முழு வீச்சு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, சுமார் பத்து ஸ்தாயி. அதை 127 படிகளாக வெட்டினால் ஒரு படி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம். தொலைவுக்கு 12,000-லிருந்து 1,500 ஹெர்ட்ஸ் வரை, அதாவது மூன்று ஸ்தாயி போதும் என்று எல்லை கட்டினால், கைக்குக் கிடைப்பது 38 படிகள். மெதுவாகத் திருப்பினால் படிப்படியாகக் கரகரப்பது கேட்கும்; ஜிப்பர் நாய்ஸ் என்பார்கள். ஒரு மதிப்பிலிருந்து அடுத்ததற்குச் சில பத்து மில்லிநொடிகளில் வழுக்கிப் போகும்படி பெட்டிக்குள் ஏற்பாடு இருந்தால் தப்பித்தோம். இரண்டு செய்திகளைச் சேர்த்து 16,384 படிகளாக அனுப்பவும் மிடியில் வழியுண்டு, ஆனால் எல்லாப் பெட்டிகளும் அதைப் புரிந்துகொள்வதில்லை. ஒயர்களால் இணைக்கும் அனலாக் மாடுலர் சிந்தசைசரில் இந்தப் படிச் சிக்கலே எழாது: ஒரே மின்னழுத்தத்தை நான்கு ஒயராகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறைத்தோ தலைகீழாக்கியோ கொடுத்துவிடலாம்.

ப்ரீ-டிலேயை நான் மேக்ரோவில் சேர்க்கவே மாட்டேன். ஒலி ஓடும்போது தாமத நேரத்தை மாற்றினால், பெட்டியைப் பொறுத்து, சுருதி வழுக்கும் அல்லது சடக்கென்று வெட்டும். எக்கோவின் ஃபீட்பேக்கை, அதாவது எதிரொலியில் எத்தனை சதவீதம் திரும்ப உள்ளே போகிறது என்பதை, சேர்க்கலாம், எல்லையோடு. 50 சதவீதத்தில் எதிரொலி 60 டெசிபெல் அடங்கப் பத்துத் தடவை போதும். 90-இல் சுமார் 65 தடவை. 95-இல் சுமார் 135. கடைசி ஐந்து சதவீதத்தில் நடப்பது முதல் ஐம்பதில் நடப்பதைவிடப் பெரிது. நூறைத் தாண்டினால் ஊளைதான். எக்கோ குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு அறிவிப்பு செய்கிற மைக் செட்காரர்கள் வேறு ரகம், அவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது.

இப்படிக் கட்டிய குமிழ் கைக்குப் பழகுமா? யார்க் பல்கலைக்கழகத்தில் ஆண்டி ஹன்ட், ராஸ் கிர்க் இருவரும் இதைச் சோதித்தார்கள். சுருதி, ஒலியளவு, நாதம், இட வலம் ஆகிய நான்கையும் தனித்தனி ஸ்லைடர்களால் நகர்த்துவது ஒரு முறை; ஒன்றோடொன்று பின்னிக் கட்டிய கருவியால் நகர்த்துவது இன்னொன்று. ஒரே நேரத்தில் பலவும் மாறவேண்டிய கடினமான பாடங்களில் பின்னிய கருவியே முந்தியது, பயிற்சியோடு மேலும் முன்னேறியது.

மேடைக்குப் போகுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பாட்டுக்கு ப்ரீசெட் (சேமித்து வைத்த அமைப்பு) மாற்றும்போது பெட்டியில் தொலைவு 20 என்று சேமித்திருக்கும். கைக்குமிழ் 100-இல் நிற்கும். தொட்ட கணமே நான்கு அளவுருக்களும் ஒன்றாகத் தாவும். கன்ட்ரோலரில் பிக்-அப் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள்: குமிழ் 20-ஐக் கடக்கும் வரை அது ஒரு செய்தியும் அனுப்பாது.