டோஜின்ஷி என்பது ‘ரசிகர் மாங்கா’ அன்று

‘மாங்கா’ எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர், படைத்தவர்களே அச்சிட்டு விற்கும் ‘டோஜின்ஷி’யை ‘ரசிகர் மாங்கா’ என்று பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ‘டோஜின்’ என்றால் ஒத்த நாட்டமுடையோர். ‘ஷி’ என்றால் இதழ். இதில் ரசிகரும் இல்லை, மாங்காவும் இல்லை. 1885இல் எழுத்தாளர் ஒசாகி கோயோவும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ‘கராகுதா புன்கோ’ என்னும் இலக்கிய ஏட்டையே இவ்வகையின் முன்னோடியாகச் சொல்வார்கள்.

‘ரசிகர்’ என்றவுடன், பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்தாண்ட கதை என்னும் பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. அத்தகையவை ஏராளம் என்பது மெய்தான். ஆனால் 1984 முதல் டோக்கியோவில் நடக்கும் ‘கொமிட்டியா’ சந்தையில் சொந்தப் படைப்புகளுக்கு மட்டுமே இடம். மற்றச் சந்தைகளிலும் நாவல், விமர்சனம், ரயில் பயண நூல் எனப் பலவும் மேசைக்கு வருகின்றன. கற்றுக்குட்டிகளின் வேலை என்பதும் பொருந்தாது: புகழ்பெற்ற ‘க்ளாம்ப்’ மாங்கா ஓவியர் குழு இங்கிருந்து வளர்ந்ததுதான், தொழில்முறை ஓவியர்களும் இன்றுவரை இவ்வாறு வெளியிடுகிறார்கள். ‘ஆபாச மாங்கா’ என்போர் ஒரு பகுதியை முழுமையாகக் கொள்கிறார்கள். ‘திருட்டுப் பதிப்பு’ என்போருக்கோ, அச்சான பக்கத்தை அப்படியே நகலெடுப்பதற்கும் பாத்திரத்தைக் கொண்டு புதுக்கதை வரைவதற்கும் வேறுபாடு தெரியவில்லை. உரிமைச் சிக்கல் பின்னதிலும் உண்டு, ஆனால் பதிப்பகங்கள் பெரும்பாலும் அதைக் கண்டும் காணாமல் விடுகின்றன.

1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கிய ‘கொமிகெட்’ சந்தையில் வாங்குபவரை வாடிக்கையாளர் என்று சொல்வதில்லை. வரைந்தவரும் வாங்குபவரும் ஒருங்கே ‘பங்கேற்பாளர்’கள். மேசை முன் நின்று, பார்க்கலாமா என்று கேட்டு, மாதிரிப் படியைப் புரட்டிவிட்டு, வரைந்தவர் கையிலேயே காசைக் கொடுத்து வாங்கும் அந்த உறவைத்தான் ‘டோஜின்’ குறிக்கிறது. ‘ரசிகர்’ என்னும் சொல்லோ ஒருவரை மேடையிலும் மற்றவரைக் கீழேயும் நிறுத்திவிடுகிறது.

நம் ‘சிற்றிதழ்’ மனப்பான்மையில் நெருங்கி வந்தாலும், தொடர்ந்து வரும் இதழையே அது நினைவூட்டும். டோஜின்ஷியில் பெரும்பாலானவை தனி நூல்கள். ‘தோழர் இதழ்’ என்றால் கட்சிப் பத்திரிகை என்று எண்ணிக்கொள்வார்கள். ‘சுயவெளியீடு’ அச்சுச் செலவு யாருடையது என்பதை மட்டும் சொல்கிறது. ஆகவே ‘ஒத்தார் ஏடு’ என்பதே என் தேர்வு. ஒருவரே வரைந்து அச்சிட்டால் பன்மை எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தனியாளாக மேசை போடுபவரையும் அங்கே ‘சர்க்கிள்’, அதாவது குழு, என்றுதான் பதிவு செய்கிறார்கள்.