டெமோ: காட்டுவதா, பார்ப்பதா?

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஏதாவது ஒரு கைபேசிக் கடைக்குள் நுழைந்தால், மேஜைமேல் சங்கிலி கட்டிய ‘டெமோ பீஸ்’ இருக்கும். வாஷிங் மெஷின் வாங்கிப் பணத்தைக் கட்டிவிட்டு நின்றால், “ரெண்டு நாள்ல டெமோவுக்கு ஆள் வந்துருவாங்கண்ணே” என்று சொல்லி அனுப்புவார்கள். மளிகைக் கடைக்கு பில் போடும் மென்பொருள் விற்க வருபவர், “பத்து நிமிஷம் டெமோ பார்த்துருங்க” என்பார். அந்த மென்பொருளையே நாமாக இறக்கிக்கொண்டால் ‘டெமோ வெர்ஷன்’ என்று கொஞ்ச நாளைக்கு ஓடி நின்றுவிடும். சொல் ஒன்றுதான். ஆனால் நான்கு இடத்திலும் நடப்பது வேறுவேறு.

டெமோ என்பது டெமான்ஸ்ட்ரேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதன் வேர் லத்தீன். ‘மோன்ஸ்ட்ராரே’ என்றால் காட்டுவது. அது ‘மோன்ஸ்ட்ரும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தெய்வம் அனுப்பும் சகுனம், எச்சரிக்கை என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் பூதத்தைக் குறிக்கும் மான்ஸ்டரும் அந்த வேரில் பிறந்ததுதான். டெமாக்ரசியில் வரும் ‘டெமோ’வுக்கும் இதற்கும் உறவு இல்லை. அது மக்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தெருவில் கொடி பிடிக்கும் டெமான்ஸ்ட்ரேஷனுக்கு நாம் ஆர்ப்பாட்டம் என்று தனிச்சொல் வைத்துக்கொண்டோம். கடைக்கு வந்த டெமோவை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

விற்பனையில் இதன் ஆற்றலைப் புரிந்துகொள்ள ஒரு பழைய நிகழ்ச்சி போதும். 1854இல் நியூயார்க் கண்காட்சியில், லிப்ட் செய்து விற்ற எலிஷா ஓட்டிஸ் என்பவர் ஒரு லிப்டின் மேடையில் ஏறி உயரத்தில் நின்றார். கூட்டம் பார்க்கும்போதே மேடையைத் தாங்கிய கயிற்றை அறுக்கச் செய்தார். மேடை கொஞ்சம் இறங்கித் தடைப் பொறியில் சிக்கி நின்றது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் வாங்குகிறவன் மனதில் இருந்த பயம். அவர் அந்தப் பயத்தையே எடுத்துச் செய்து காட்டினார். லிப்ட் வியாபாரம் வளர்ந்ததில் அந்தக் காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல டெமோ என்று நான் சொல்வது இதைத்தான்: எங்கே உடையும் என்று வாங்குகிறவர் சந்தேகப்படுகிறாரோ அங்கேயே கை வைக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? செயல்விளக்கம் என்ற சொல் ஏற்கெனவே நன்றாகப் புழங்குகிறது. வேளாண் துறையில் ‘செயல்விளக்கத் திடல்’ என்று உழவர்களிடம் சொன்னால் தெரியும். புது நெல் ரகத்தையோ நடவு முறையையோ ஒரு வயலில் செய்து, ஊரைக் கூட்டிக் காட்டும் இடம் அது. தீயணைப்புத் துறையினர் பள்ளிகளில் நடத்துவதும் செயல்விளக்கம்தான். எழுத்தில் இதையே தயங்காமல் எழுதலாம். ‘செய்முறை விளக்கம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சமையல் குறிப்பையும் ஆய்வகப் பாடத்தையும் நினைவூட்டுவதால் கடைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

பேச்சில் இதைவிட நல்லது இருக்கிறது. நம்முடைய துணைவினைகள்! புதுமண்டபத்துத் துணிக்கடைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சொல் ‘விரிச்சுக் காட்டுங்க’. தேங்காய்க் கடையில் நாமே கையில் எடுத்துத் ‘தட்டிப் பார்க்கிறோம்’. ‘காட்டு’ என்று முடிந்தால் வேலை விற்பவருடையது. ‘பார்’ என்று முடிந்தால் வாங்குகிறவருடையது. காண் என்ற வினையிலிருந்துதான் காட்டு பிறந்தது, உண்பதிலிருந்து ஊட்டுவது பிறந்ததுபோல. ஊட்டுகிறவர் கையில் இருப்பதுதான் நம் வாய்க்கு வரும். காட்டுகிறவர் காட்டுவதுதான் நம் கண்ணில் படும். ஓட்டிக் காட்டுவது ஒன்று, ஓட்டிப் பார்ப்பது இன்னொன்று. டெமோ என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. கீழமாசி வீதியில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பில் போடும் மென்பொருளுக்கு ஒருவர் தன் மடிக்கணினியில் டெமோ தந்தார். அதில் இருபது சாமான்தான் ஏற்றியிருந்தது, எல்லாம் பாக்கெட் சரக்கு. படபடவென்று பில் வந்தது. மாமா பணம் கட்டிவிட்டார். அப்புறம் கடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாமானை ஏற்றி, சில்லறையாக உளுந்தும் மிளகும் நிறுக்கும்போதுதான் தராசின் எடை கணினிக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. கூட்ட நேரத்தில் மறுபடி பில் புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். “டெமோவுல எல்லாம் ஓடுச்சேப்பா” என்று மாமா என்னிடம் வருத்தப்பட்டார். ஓடியது உண்மைதான். வந்தவர் ஓட்டிக் காட்டினார், மாமா ஓட்டிப் பார்க்கவில்லை. டெமோ என்று ஒரே சொல்லாகச் சொன்னதில், இரண்டும் முடிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆகவே பிரித்தே சொல்லலாம். விற்பவர் இயக்குவது செயல்விளக்கம், பேச்சில் செய்து காட்டுவது. கொஞ்ச நாளைக்கு நம் கையில் தரும் டெமோ வெர்ஷன் சோதனைப் பதிப்பு. கடையில் சங்கிலியோடு கிடக்கும் கைபேசியைத் தொட்டு இயக்கலாம் என்பதால் காட்சிப்பொருள் என்ற சொல் போதாது. ‘பார்வைக் கைபேசி’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பணம் கட்டியபின் வீட்டுக்கு வரும் டெமோவைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அங்கே வருபவர் பொருத்துகிறார், எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக் கொடுக்கிறார். அது பயன்பாட்டுப் பயிற்சி. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு அது உதவாது, அந்த நேரம் போய்விட்டது. “டெமோ உண்டா?” என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ‘உண்டு’ என்பார்கள். “வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டால்தான் பதில் கடைக்குக் கடை மாறும்.

போன மாதம் மாமா புது மின்னணுத் தராசு வாங்கப் போனார், நானும் உடன் போனேன். கடைப்பையன் தட்டில் ஒரு கிலோ கல்லை வைத்து, எண்ணைக் காட்டினான். “சரிப்பா, நீ காட்டிட்ட. கொஞ்சம் தள்ளு, நான் போட்டுப் பார்க்குறேன்” என்று மாமா மஞ்சப்பையிலிருந்து எடுத்து வந்திருந்த உளுந்தைத் தட்டில் கொட்டினார்.