மீன்மாவும் புண்ணாக்கும்: ஒரு சொல் விளக்கம்

மீன் வளர்ப்பு பற்றித் தமிழில் வரும் துண்டுப்பிரசுரங்களில் 'மீன் உணவைக் குறைத்து சோயா உணவைச் சேர்க்கலாம்' என்ற மாதிரி வாக்கியங்கள் கண்ணில் படும். மீன் உணவு என்றால் மீனுக்குப் போடும் தீவனமா, மீனை அரைத்துச் செய்ததா, நிலாவெளிக் கடையில் தட்டில் வரும் பொரியலா? வாசிப்பவர் திகைக்க வேண்டியதுதான்.

'மீன் உணவு' என்று அவற்றில் மொழிபெயர்க்கப்படுவது ஆங்கிலத்தின் 'ஃபிஷ்மீல்'. அதில் உள்ள 'மீல்' சாப்பாடு அல்ல. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. சாப்பாட்டைக் குறிப்பது 'அளவு, குறித்த வேளை' என்ற பொருளில் பிறந்தது. மற்றது அரைத்த தானியத்தைக் குறித்த பழஞ்சொல். ஆலையைச் சொல்லும் 'மில்'லுக்கு உறவு. ஆகவே மீன்மா என்பதே சரி. கோதுமை மா, அரிசி மா என்று சொல்லிப் பழகிய நமக்கு அது இயல்பாக வாயில் வரும். தமிழ்நாட்டில் மீன் தூள் என்பார்கள். அதிலும் குற்றமில்லை.

சோயாவுக்கு மட்டும் 'மா' சரிவராது. சோயா மா என்றால் சமையலுக்கு அரைத்தது என்றே எண்ணத் தோன்றும். தீவன ஆலைக்கு வருவதோ எண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது. அதற்குப் பெயர் தேடி அலையத் தேவையில்லை: புண்ணாக்கு.

பிண்ணாக்கு என்ற வடிவமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதை வடமொழியின் 'பிண்யாக'த்தோடு இணைக்கிறது. சிங்களத்தில் புன்னக்கு. இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரர் வாயில் இது 'பூனாக்' ஆயிற்று. தேங்காய்ப் புண்ணாக்கு என்ற பொருளோடு ஆங்கில அகராதிகளில் இன்றும் இருக்கிறது. அவர்கள் இரவல் வாங்கிப் போன சொல்லை நாம் கைவிட்டு 'சோயா உணவு' என்று எழுதுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. மாட்டுக்கு வைப்பது என்பதால் சொல்லுக்கும் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டது போலும். மூதூரிலோ கிண்ணியாவிலோ மாடு வைத்திருப்பவர், தேங்காய்ப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிடு கலந்து வைக்கும்போது இந்தக் கூச்சமெல்லாம் படுவதில்லை.

செக்கிலிருந்து வரும் எள்ளுப் புண்ணாக்கு கறுத்துக் கட்டியாக இருக்கும். உடைத்தால் விரலில் எண்ணெய் பிசுபிசுக்கும். சர்க்கரை சேர்த்து இடித்து மனிதரும் தின்பதுண்டு. கரைப்பான் கொண்டு எண்ணெயை வழித்தெடுத்த சோயாப் புண்ணாக்கு வெளிர்மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். எண்ணெய் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். எண்ணெய் போன அளவுக்குப் புரதம் செறியும். சோயாப் புண்ணாக்கில் அது நூற்றுக்கு 44 முதல் 48 வரை, தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறத்தாழ 20, நல்ல மீன்மாவில் 60க்கு மேல்.

மீன்மா செய்யும் விதத்தைப் பார்த்தால், அதுவும் ஒரு புண்ணாக்குத்தான். மீனை அவித்துப் பிழிகிறார்கள். எண்ணெயும் நீரும் வடிந்தபின் நிற்கும் சக்கையை உலர்த்தி அரைத்தால் மீன்மா. ஒரு கிலோவுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். உலகச் சந்தைக்கு இதில் பெரும்பங்கு பெருவின் நெத்தலியிலிருந்து போகிறது. 1972இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறுவது) வந்து அந்த நெத்தலி அருகியபோது மீன்மா விலை எகிறியது; கூடவே சோயா விலையும் ஏறியது.

மீன்மாவுக்கு ஈடாகப் புண்ணாக்கை வைப்பதில் சிக்கல் புரதத்தின் அளவில் மட்டும் இல்லை. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் லைசின் சோயாவில் நிறைய, மெத்தியோனின் குறைவு. எள்ளில் நேர்மாறு. இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு நிரப்பும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சூடாக்கினால் அது பெரும்பாலும் அழியும். விதைகளில் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் அப்படிச் சூட்டுக்குப் பணியாது. பொசுபரசைப் பிடித்துவைத்துக்கொண்டு மீனுக்குக் கொடுக்காது. அதற்கு ஃபைட்டேஸ் நொதியைச் சேர்க்கிறார்கள். கச்சான் (நிலக்கடலை) புண்ணாக்கு வாங்குபவர் பூஞ்சணத்துக்கு அஞ்ச வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் வரை செத்தது அதனால்தான். அந்தப் பூஞ்சணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு தெரியவந்ததும் அப்போதுதான்.

எந்த மீனுக்கு என்பதையும் கேட்க வேண்டும். திலாப்பியா எதையும் தின்னும். புண்ணாக்குப் பெருத்த தீவனத்திலும் நன்றாக வளரும். திருகோணமலைக் குடாவில் கூடுகளில் வளரும் கொடுவா ஊனுண்ணி. அதன் தீவனத்தில் நூற்றுக்கு 45 அளவில் புரதம் வேண்டும். மீன்மாவில் இருக்கும் டோரின் என்ற சத்து புண்ணாக்கில் கிடையாது. வாசனை பிடிக்காவிட்டால் கொடுவா தீவனத்தைச் சீண்டாது. தின்னாத தீவனம் கூட்டுக்கடியில் போய்ப் படியும். ஆகவே கொடுவாத் தீவனத்தில் மீன்மாவைக் குறைக்கலாம், முழுதாக எடுத்துவிடுவது கடினம்.

பொதியில் அச்சிடுபவர்களுக்கு: மீனுக்குப் போடுவது மீன் தீவனம். அதில் சேர்வது மீன்மா, சோயாப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு. சோயாவிலிருந்து புரதத்தை மேலும் பிரித்துச் செறித்திருந்தால் மட்டும் சோயாப் புரதச் செறிவு என்று எழுதுங்கள். அது வேறு சரக்கு, விலையும் வேறு.