கால் நீட்டாதே, காதை நம்பாதே

ராமநாதபுரத்தில் இருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. பெயர் ஐஎன்எஸ் பருந்து. அங்கிருந்து எழும்பிக் கடல் பக்கம் திரும்பும் விமானங்களை அண்ணாந்து பார்க்கும் பையன்கள், விமானி ஆவதற்குத் தைரியம் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். பயிற்சி கொடுப்பவர்களின் கவலையே வேறு. தரையில் நடந்து பழகிய உடம்பு ஆகாயத்தில் தப்புத் தப்பாக யோசனை சொல்லும். அதைக் கேட்காமல் இருக்கப் பழக்க வேண்டும். போர்க்காலம் என்றால் அதற்கும் அவகாசம் குறைவு.

முதலில், விமானத்தில் இருந்து குதிப்பவர்களைப் பார்ப்போம். இந்தியாவில் பாராசூட் படை 1941 அக்டோபரில் டில்லியில் தொடங்கியது. முதலில் குதித்த இந்தியர்களில் ஒருவர் ராணுவ மருத்துவர் ஏ.ஜி. ரங்கராஜ், பிற்பாடு கொரியப் போரில் ஆற்றிய பணிக்காக மகாவீர் சக்கரம் பெற்றவர். பாராசூட் குடையைத் திறக்க வீரர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டிய பட்டையே இழுத்துத் திறந்துவிடும். பயத்தில் கை ஓடாவிட்டாலும் பாதகமில்லை.

வித்தையெல்லாம் இறங்குவதில்தான். வட்டக் குடை நொடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகத்தில் இறக்குகிறது. ஆள் உயரச் சுவரில் இருந்து குதிக்கிற வேகம் அது. தரை நெருங்கியதும் கால் தானாக நீண்டு விறைக்கும். விறைத்த காலோடு 5 சென்டிமீட்டருக்குள் நின்றால், உடல் எடையைப் போல 35 மடங்குக்கு மேல் விசை கணுக்காலில் இறங்கும். அதே வேகத்தை அரை மீட்டரில் கரைத்தால் நாலைந்து மடங்கோடு போய்விடும். அதனால்தான் முழங்கால்களைச் சேர்த்து லேசாக மடக்கி, முன்பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாகத் தரையில் பட்டு உருளச் சொல்கிறார்கள். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. மேடையில் இருந்து மறுபடி மறுபடி குதிக்க வைப்பது அதற்காகத்தான். கண் தரையைப் பார்க்கக் கூடாது, அடிவானத்தைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் கால் மறுபடி நீளும்.

நம் கரையில் கச்சான் காற்று வீசுகிற நாளை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று சேர்ந்தாலே தரையில் மோதும் ஆற்றல் இரட்டிப்பைத் தாண்டும். பயிற்சிக் குதிப்பு என்றால் அந்த அளவுக் காற்றில் பொதுவாக ரத்துதான். போரில் அந்தச் சலுகை எப்போதும் கிடைக்காது.

சரி, விமானிக்கு வருவோம். அவரை ஏமாற்றுவது காது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழாய் முதலில் நகரும், திரவம் பின்தங்கும். மோர் டம்ளரைச் சட்டென்று திருகினால் மோர் உடனே சுழலாதே, அப்படி. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை திரும்பலாக உணர்கிறது. ஒரே சீராக 15, 20 நொடி வளைந்து பறந்தால் திரவமும் சேர்ந்துகொள்ளும், திரும்புகிற உணர்வே போய்விடும். விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வது போலத் தோன்றும். அதைச் 'சரிசெய்ய' மறுபடி பழைய பக்கமே சாய்த்தால், விமானம் சுழன்றபடி கீழே இறங்கும்.

பகலில் அடிவானம் காப்பாற்றும். நிலவில்லாத இரவில் தனுஷ்கோடிக்கு அப்பால் கடலும் வானமும் ஒரே கறுப்பு. மீன்பிடிப் படகு விளக்குகளை நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டால் அடிவானமே இடம் மாறிவிடும்.

விமானம் ஓட்டத் தரையிலேயே கற்றுக்கொடுக்க ஒரு பெட்டி செய்தார் அமெரிக்கர் எட்வின் லிங்க். அவர் குடும்பத்துக்கு இசைக்கருவித் தொழிற்சாலை. ஆர்கனுக்குச் செய்கிற துருத்திகளை வைத்தே, சாய்ந்து திரும்பும் பொம்மை விமானத்தை 1929-இல் உருவாக்கினார். முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் அதை வாங்கின! 1934-இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப்போய், மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அப்புறம்தான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் அதில் பழகினார்கள். மூடியைச் சாத்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பு என்ன சொன்னாலும் எதிரே உள்ள கருவிகளின் முள் காட்டுவதுதான் கணக்கு.

இன்று உச்சிப்புளியில் ஆளில்லா விமானங்களும் பறக்கின்றன. ஓட்டுபவர் தரையில் உட்கார்ந்திருப்பதால் காது ஏமாற்றாது. ஆனால் என்ஜின் சத்தம் மாறுவதும், இறக்கை அதிர்வதும் அவர் உடம்புக்கு எட்டுவதில்லை. அதையும் திரையில் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.